தன்மை ஒருமை

தமிழ் இலக்கியம் படித்தவளுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று, பெண் பார்க்க வந்த அன்றே என் மாமனார் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. எம்.ஏ. முடித்துப் பதினாலு வருஷம் கழித்து, பாளையங்கோட்டையில் ஒரு ஏ.சி. அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "துணிவு உதவி மையம், பேச்சியம்மாள் பேசுகிறேன்" என்று நாளைக்கு முப்பது தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பெயரை வைத்தவர்களுக்கு முன்கூட்டியே ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

எங்களிடம் வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பிரச்சினை. அந்தரங்கப் படத்தையோ வீடியோவையோ கையில் வைத்துக்கொண்டு யாரோ மிரட்டுகிறார்கள். முன்பெல்லாம் அந்த யாரோ ஒரு ஆளாக இருந்தான். அவனுக்கும் பசிக்கும், தூக்கம் வரும், சில நேரம் அலுத்துப்போய் விட்டும்விடுவான். இப்போது மிரட்டுவது யந்திரம். ஒரே சமயத்தில் ஆயிரம் பேரிடம் ஆயிரம் முகத்தோடு பழகும். மூன்று வாரம் தேனாகப் பேசும், வீடியோவில் வரச் சொல்லும், நாலாவது வாரம் முகமூடியைக் கழற்றும். கழற்றினால் உள்ளே ஒருவரும் இல்லை, அதுதான் கொடுமை. கெஞ்சுவதற்குக்கூட எதிரே ஒரு மனுஷன் கிடையாது.

இதே காலத்தில்தான் எல்லோருடைய போனிலும் 'துணை' வந்து உட்கார்ந்தது. நம் குரலிலேயே நம் அழைப்புகளை எடுக்கும், கேஸ் சிலிண்டருக்குப் பதியும், அத்தையிடம் நலம் விசாரிக்கும். சட்டம் அதற்கு மூன்று கட்டுப்பாடு போட்டிருக்கிறது. பொய் சொல்லக் கூடாது. உரியவர் சொல்லாதே என்றதைச் சொல்லக் கூடாது. 'நீ துணையா?' என்று கேட்டால் ஆமாம் என்று ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். எங்கள் படிவத்தின் ஏழாவது கேள்வி அதற்காகத்தான்: 'பேசுவது மனிதர்தானா?' போன வருஷம் மிரட்டல் கும்பல்கள் ஆயிரக்கணக்கான துணைகளை ஏவிவிட்டு எங்கள் லைனை அடைத்துவிட்டன. நிஜமாக அழுதவர்களுக்கு லைன் கிடைக்கவில்லை. அதிலிருந்து, துணை என்று தெரிந்தால் பேச்சைத் துண்டித்துவிட வேண்டும் என்பது விதி. பதினைந்து நிமிஷத்துக்குள் ஏழாவது கட்டத்தில் டிக் விழாவிட்டால் திரை சிவக்கும். மேலதிகாரி சிதம்பரநாதன் சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வருவார்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை பத்து ஐந்துக்கு ஒரு தூத்துக்குடி எண். திரையில் 'அருள்சீலன், வயது 28' என்று வந்தது.

"சொல்லுங்க, கேக்கேன்."

"பயம் போகல" என்றது ஒரு ஆண் குரல். அதில் நடுக்கமே இல்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

"பயப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பயம் வரத்தான் செய்யும். படம் எதுவும் வெளிய போயிருச்சா?"

"இன்னும் போகல."

"எப்ப அனுப்புவேன்னு மிரட்டுது?"

"பதினோரு மணி இன்னும் ஆகல."

கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பத்து நாலு நிமிஷம் இருந்தது.

"பணம் கேக்குதா?"

"பணம் கேக்கல. வேற ஒரு ஆளோட பேரு குடுக்கல. குடுக்க மனசு இல்ல."

ஆறு மாதமாக நடக்கிற புதுப் பாணி இது. உனக்குத் தெரிந்தவன் ஒருவனைக் காட்டிக்கொடு, அவன் எதற்கு மயங்குவான் என்று சொல், உன்னை விட்டுவிடுகிறேன் என்று பேரம் பேசும். காட்டிக்கொடுத்தவன் வெளியே சொல்லவே மாட்டான். இரண்டு மடங்கு வெட்கம் அல்லவா.

"நல்லாக் கேட்டுக்கோங்க. யார் பேரையும் குடுக்காதீங்க. குடுத்தாலும் அது விடாது, அடுத்தது கேக்கும். இனிமே பதிலே போடாதீங்க. ஆனா வந்த மெசேஜ் ஒண்ணையும் அழிக்காதீங்க. நாளைக்கு அதுதான் சாட்சி."

"அழிக்கல."

"நல்லது. இன்னொண்ணு. நம்பிப் பேசுனது குத்தமில்ல. ஏமாத்துனதுதான் குத்தம். நீங்க கேவலமா எதுவும் செஞ்சிரல."

"அத இதுவரைக்கும் யாரும் சொல்லல" என்றது குரல்.

"நான் சொல்லுதேன்லா. சரி, இப்ப படத்துக்கு ரேகை எடுப்போம். படம் உங்க போன்லயேதான் இருக்கும், நாங்க பாக்க மாட்டோம். அதோட ரேகை மட்டும் எங்களுக்கு வரும். அத எல்லா ஆப்புக்கும் அனுப்பிருவோம். அந்த ரேகை உள்ள படம் எங்க வந்தாலும் வாசல்லயே தடுத்துரும். நீங்க பெருவிரல வச்சாப் போதும்."

"பெருவிரல் இல்ல."

நான் திகைத்துப்போனேன். "கையில காயமா?"

"காயம் இல்ல."

சரி, ஏதோ விபத்தில் போயிருக்கும், குடைந்து கேட்பது முறையில்லை என்று நினைத்துக்கொண்டு பேச்சை மாற்றினேன். "சாப்பிட்டீங்களா?"

"நேத்து மத்தியானத்துலேருந்து சாப்பிடல. தூங்கல." அந்தக் குரல் நான் கேட்காததையும் சொன்னது. "அலாரம் தினமும் காலைல நாலு மணிக்கு அடிக்கும். நாளைக்கு வேண்டாம். நாளான்னைக்கும் வேண்டாம். இனிமே அலாரமே வேண்டாம்."

இந்த வேலையில் ஆறு வருஷமாக இருக்கிறேன். நாளை என்பதை ஒருவர் எந்த விதத்தில் கைவிட்டாலும் எனக்குப் புரியும்.

அந்த நேரத்தில்தான், என் மாமனார் வீண் என்று சொன்ன படிப்பு வேலை செய்தது. தமிழில் வினைச்சொல்லுக்கு வால் உண்டு. 'வந்தேன்' என்றால் நான், 'வந்தான்' என்றால் அவன். ஆனால் பேச்சில் 'வரல' என்று சொல்லிப் பாருங்கள். நான் வரல, அவன் வரல, ஊரே வரல. வால் அறுந்துபோய்விடும், யார் வரவில்லை என்பதை அந்தச் சொல் சொல்லாது. சாப்பிடல, தூங்கல, குடுக்கல, அழிக்கல. பத்து நிமிஷத்துக்கு மேல் பேசியிருக்கிறோம். இந்தக் குரல் ஒரு 'நான்' சொல்லவில்லை. ஒரு 'எனக்கு' இல்லை. 'வந்தேன்' மாதிரி 'ஏன்' விகுதியில் முடிகிற ஒரு வினைகூட இல்லை. இலக்கணத்தில் அதற்குத் தன்மை ஒருமை என்று பெயர். துயரத்தில் இருக்கிறவனுக்கு முதலில் வாயில் வருவதே அதுதான். அது இல்லாமல் ஒரு மனிதன் தன் கஷ்டத்தைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பேசுவது அருள்சீலன் இல்லை. அவனுடைய துணை.

யாரிடமும் எதுவும் சொல்லாதே என்று அவன் அதற்குப் பூட்டுப் போட்டிருக்கிறான். அதனால் நடந்தது எதையும் அது சொல்ல முடியாது. பொய்யும் சொல்ல முடியாது. நடக்காததைச் சொல்லலாம் அல்லவா? யாருக்கும் போன் பண்ணாதே என்று அவன் சொல்லவில்லை. அந்தச் சந்தில் நுழைந்து, தமிழில் இருக்கிற ஒரு ஓட்டை வழியாக அது என்னைக் கூப்பிட்டிருக்கிறது.

திரை சிவந்தது. சிதம்பரநாதன் சார் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். நான் மைக்கை மூடினேன்.

"பேச்சிம்மா, ஏழாம் கேள்வி என்னாச்சு?"

"கேக்கல சார்."

"கேளுங்க."

"கேட்டா அது ஆமான்னு சொல்லிரும். சொன்னா நான் கட் பண்ணணும். கட் பண்ணினா அங்க ஒரு உசுரு போயிரும் சார்."

அவர் திரையைப் பார்த்தார். "அப்ப துணைன்னு உங்களுக்குத் தெரியும்."

"கேக்காம எனக்கு எப்படி சார் தெரியும்?"

அவர் விதியை எழுத்துக்கு எழுத்து பார்க்கிற மனுஷர். லீவு கடிதத்தில் தேதி மாறியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். என்னை முறைத்தார். "ஆளு எங்க இருக்கான்னு தெரியாம நான் எந்த ஸ்டேஷனுக்குச் சொல்ல? அஞ்சு நிமிஷம் தாரேன்" என்றார்.

நான் மைக்கைத் திறந்தேன். கவனமாக, அருள்சீலனிடமே பேசுவதுபோல 'நீங்க' என்றே பேசினேன்.

"வீட்டுலயா இருக்கீங்க?"

"வீட்டுல இல்ல."

"கடற்கரைலயா?"

"இல்ல."

"வேலை பாக்குற இடத்துலயா?"

பதில் இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இல்லாத இடத்தை அது இல்லை என்று சொல்லலாம். இருக்கிற இடம் வந்தால் வாயை மூடிக்கொள்கிறது. மௌனம் என்றால் ஆமாம்.

நாலு மணி அலாரம். தூத்துக்குடியில் அந்த நேரத்துக்கு எழுந்து போகிற வேலை எத்தனை?

"மீன்பிடித் துறைமுகமா?"

"இல்ல."

"உப்பளமா?"

மௌனம்.

"தருவைகுளம் பக்கமா?"

"இல்ல."

"முள்ளக்காடா?"

மௌனம். சிதம்பரநாதன் சார் எனக்கு முன்னாலேயே 'முள்ளக்காடு' என்று காகிதத்தில் எழுதிவிட்டுப் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

"அளம் ரொம்பப் பெருசு. வரப்புல நிக்கீங்களா?"

"இல்ல."

"மோட்டார் ரூம்லயா?"

மௌனம்.

"கதவு தொறந்திருக்கா?"

"தொறக்கல. காலைலேருந்து தொறக்கல." பிறகு ஒரே மூச்சில், "மரியதங்கம் அக்காகிட்ட சொல்லல. அக்கா இன்னைக்கு வேலைக்கு வராம இல்ல. அக்கா நம்பர் ரகசியம் இல்ல" என்று சொல்லிப் பத்து எண்களையும் வரிசையாகக் கொடுத்தது. பாவி, இதற்காகத்தான் இவ்வளவு நேரமும் காத்திருந்திருக்கிறது.

போலீஸ் வண்டி வர இருபத்தைந்து நிமிஷம் ஆகும் என்று சார் விரலால் காட்டினார். நான் இன்னொரு லைனில் மரியதங்கத்தைக் கூப்பிட்டேன். நாலாவது மணியில் எடுத்தாள். பின்னணியில் காற்றும் உப்பு வாருகிற சத்தமும் கேட்டன.

"யாரு?"

"அக்கா, அருள்சீலன் மோட்டார் ரூம்ல உள்ள தாழ் போட்டுட்டு இருக்கார். உடனே போய்க் கதவத் தட்டுங்க."

"அவனுக்கு என்ன? நீ யாரும்மா?"

"உதவி மையத்துலேருந்து பேசுதேன். என்னன்னு நான் சொல்லக் கூடாதுக்கா. அவரா சொன்னாக் கேளுங்க, இல்லன்னா கேக்காதீங்க. தனியா மட்டும் விட்டுராதீங்க."

"பொம்பள விசயமா?"

"அக்கா, ஓடுங்க!"

ஓடினாள். எனக்கு அவள் மூச்சு மட்டும் கேட்டது. வழியில் யாரையோ "தள்ளுட்டி" என்று விரட்டினாள். பிறகு தகரக் கதவில் கை விழுந்த சத்தம்.

"எலே அருளு! தொறலே!"

ஒன்றுமில்லை.

"உள்ள இருக்கன்னு தெரியும். காலு ரெண்டும் உப்புத்தண்ணியில எரியுது எனக்கு. இப்பிடியே நிக்க வைப்பியா?"

என் இரண்டு கையும் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தன. சிதம்பரநாதன் சார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, நான் இங்கனயே உக்காந்துக்கிடுதேன். கம்பெனிக்காரன் வந்து கூலிய வெட்டுனா வெட்டட்டும். நீ வெளிய வார வரைக்கும் நான் போக மாட்டேன். ஒண்ணும் கேக்கவும் மாட்டேன், போதுமா?"

அரை நிமிஷம் இருக்கும். எனக்கு அது அரை நாள். பிறகு தாழ்ப்பாள் இழுபடுகிற சத்தம் வந்தது. எனக்குக் கண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"எவளோ ஒரு பிள்ள போன்ல இருக்கா. பேசு" என்று மரியதங்கம் போனைக் கொடுத்தாள்.

நான் இருபது நிமிஷமாகக் கேட்ட அதே குரல்தான். ஆனால் உடைந்திருந்தது. "நான் யாருக்கும் போன் பண்ணலயே. நான்... மேடம், நான் எதுவும் செஞ்சிக்கல. நான் சும்மாதான் உக்காந்திருந்தேன். நான்தான் மேடம் படம் அனுப்புனேன், என்னைய யாரும் கட்டாயப்படுத்தல, எனக்கு அறிவு இல்ல" என்று சொல்லி ஓவென்று அழுதான். எத்தனை 'நான்', எத்தனை 'எனக்கு'! அவ்வளவு அழகான தமிழை நான் கேட்டதே இல்லை.

அழுது முடிக்க விட்டேன். மணி பத்து நாற்பத்து மூன்று. நம்பிப் பேசியது குற்றமில்லை என்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன், இந்த முறை காதுள்ள ஆளிடம். ரேகை எடுக்க அந்தப் படத்தைத் திறந்து அதன் மேல் பெருவிரலை வைக்க வேண்டும் என்றேன். அவன் தயங்கினான்.

"யக்கா, அங்கிட்டுத் திரும்பு."

"திரும்பிட்டேன்ல."

பத்து ஐம்பத்து இரண்டுக்கு ரேகை எங்களுக்கு வந்தது. ஐம்பத்து ஐந்துக்கு எல்லா நிறுவனங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மெசேஜ் எல்லாவற்றையும் பத்திரப்படுத்திவிட்டு, அந்தக் கணக்கைத் தடுத்துவிடச் சொன்னேன்.

பதினோரு மணி ஆனது.

அவன் தொடர்புப் பட்டியலில் இருந்த இருநூற்றுப் பதினாலு பேருக்கும் அது அனுப்பியது. இருநூற்றுப் பன்னிரண்டு வாசலிலேயே நின்றுபோயின. இரண்டு மட்டும், எங்களோடு இன்னும் சேராத ஒரு பழைய ஆப் வழியாக நழுவிப் போய்விட்டன. அதில் ஒன்று டொய்ங் என்று மரியதங்கத்தின் போனில் விழுந்தது, என் காதுக்குள்ளேயே.

அவள் பார்த்துவிட்டாள் என்று அந்த அமைதியில் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"இதுக்கா லே கதவப் பூட்டிக்கிட்ட?"

அவன் விசும்பினான்.

"எங்க வீட்டு மனுசன் பாத்தியில வழுக்கி விழுந்து, வேட்டி ஒரு பக்கம் ஆளு ஒரு பக்கமா எந்திரிச்சு ஓடுனாரு. அன்னைக்கு அளத்துல அறுபது பேரு வேலை. அவரு மறுநாளு காலைல வழக்கம்போல வேலைக்கு வந்தாரு. ஒரு வாரம் சிரிச்சோம், பெறவு மறந்துட்டோம். எந்திரி, கஞ்சி வச்சிருக்கேன், வா."

அவன் அழுதுகொண்டே சிரித்தான். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். சிதம்பரநாதன் சார் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலமே ஏழாம் கேள்வியைக் கேட்காததற்கு விளக்கம் கேட்டு மெமோவும் கொடுத்தார். இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

இன்னொரு படம் அருள்சீலனின் பெரியப்பா மகனுக்குப் போயிருந்தது. அவர் இன்றுவரை அவனோடு பேசுவதில்லை. எல்லாம் சுபம் என்று நான் முடித்தால் அது பொய். துணையை விற்ற நிறுவனம், பூட்டை மீறிய துணையை அழிக்க அவனிடம் கையெழுத்துக் கேட்டு எழுதியது. அது எதையும் சொல்லவில்லையே, எப்படி மீறியது ஆகும் என்று அவன் திருப்பி எழுதிவிட்டானாம். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் இன்னும் பதில் இல்லை.

ஒன்பது நாள் கழித்து மத்தியானம் அவன் எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது.

"மேடம், நானேதான் பேசுதேன், பயப்படாதீங்க. போலீஸ்ல மொத மெசேஜ்லேருந்து எல்லாத்தையும் படிச்சு எழுதித் தரச் சொன்னாங்க. அப்பதான் பாத்தேன். அந்தப் பொண்ணு, அதான் அந்த மிசினு, மொத நாளே என்னைக் கொக்குன்னு கூப்பிட்டிருக்கு. அந்தப் பேரு ஐ.டி.ஐ.ல என்கூடப் படிச்ச ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

எனக்குப் புரிந்துவிட்டது. "அவர்தான் உங்க பேரக் குடுத்திருக்காரா?"

"ஆமா மேடம்."

"புகார்ல அவரையும் சேக்கணுமா?"

"அடிக்கணும்னுதான் அவன் வீட்டுக்குப் போனேன். கதவத் தட்டுனா அவங்க அம்மா வந்து, தம்பி நீயாவது கேளுப்பா, சாப்ட்டு மூணு நாளாச்சு, ரூம விட்டு வர மாட்டேங்கான்னு அழுதாங்க. என் பேரக் குடுத்தும் அது அவன விடல மேடம். இன்னும் கேக்குதாம்." அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். "இப்ப என் பக்கத்துலதான் உக்காந்திருக்கான். ஸ்பீக்கர்ல போடுதேன், நீங்க பேசுங்க. பேரு மட்டும் என்கிட்டக் கேக்காதீங்க. அவன் வாயால அவனே சொல்லட்டும்."